ஏழாவது தாள்

ஆறு தாள்கள் ஒரே மாதிரி வந்துவிட்டன. லிஃப்ட் மெக்கானிக்குக்கு அதுதான் பயமாக இருந்தது. அவர் கையில் எந்தக் காரியமும் ஆறு தடவை அப்படியே திரும்ப நடந்ததில்லை.

பின்னறையின் பாதியைப் பொறி அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு சலவைக்கடை மூடியபோது தூக்கி வந்தது. துணி பிழிகிற பொறி. இரண்டு உருளைகள், பக்கத்தில் ஒரு சக்கரம். உருளைகளுக்கு நடுவே இரும்புப் பலகை ஓடும்படி செய்து, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பழைய லிஃப்டில் கழித்த இரண்டு திருகுகளைப் போட்டு, அதை அச்சுப் பொறியாக்கியிருந்தார். சக்கரத்தைச் சுற்றினால் முனகும். எண்ணெய் விட்டாலும் முனகும்.

பொறிக்கு எதிரே ஜன்னல். ஜன்னலோரம் நாற்காலி. நாற்காலியில் மைத்துனன். மனைவியின் தம்பி. லாரி ஓட்டுகிறவன். சரக்கு மூட்டையின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டவன். அக்கா வீட்டுக்குக் கட்டோடு வந்தான். கட்டுப் பிரித்து நாளாகிவிட்டது. இன்னும் வலிக்கிறது என்று காலை முக்காலிமேல் நீட்டியபடியே இருந்தான். மெக்கானிக் அதை விசாரிக்கவில்லை. அசையாமல் உட்கார ஓர் ஆள் கிடைத்தால் எந்தப் படக்காரன் விசாரிப்பான்?

படம் அவன்தான். இரண்டு உள்ளங்கை அளவுச் செப்புத் தகடு. கூரான எஃகு ஊசியால் கீறியது. ஊசி போகும் வழியில் செம்பு இரண்டு பக்கமும் பிசிறாக எழும்பி நிற்கும். மையைத் தடவி, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைத்தால் கீறலிலும் பிசிறிலும் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை அதன்மேல் வைத்து, கம்பளி போர்த்தி, உருளைக்குள் விட வேண்டும். தாளில் கோடு பூனைமயிர் போல மெத்தென்று வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் உருளை பிசிறை மிதித்துவிட்டுப் போகும். செம்பு ஏதோ இருபது தாள் தாங்கும். அதற்குமேல் கேட்டால் தராது.

காலையில் பல் டாக்டரம்மா போன் செய்திருந்தார்.

"எத்தனை ஆச்சு?"

"ஆறு டாக்டரம்மா."

"ஒரே மாதிரியா?"

"அச்சு அசல்."

"நீங்க சொல்றதை நம்பறேன். நம்பாம இருக்க மனசு வரல. நாளைக்குக் காலையில பெட்டியில அடுக்கறோம். மை காயலைன்னாலும் பரவாயில்ல, இங்க எடை வெச்சுக் காய வெச்சுக்கலாம். பத்துத் தாளும் வரணும். போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா உங்க இடத்தை இன்னொருத்தருக்குக் குடுக்கச் சொல்றாங்க. நான் சொல்லல. எல்லாரும் சொல்றாங்க."

பத்துப் பேர் அவர்கள். பல் டாக்டர், பைண்டிங்காரர், பஸ் கண்டக்டர், இரண்டு டீச்சர்கள் என்று ஆளுக்கொரு பிழைப்பு. வீட்டில் சமையல் மேடையிலோ கட்டிலடியிலோ படம் அச்சடிப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரும் ஒரு படம் செய்து பத்துத் தாள் கொண்டுவர வேண்டும். ஆளுக்கொரு பெட்டி. பெட்டிக்குள் பத்துப் பேர் படமும் ஒவ்வொன்று. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒரே சரக்கு இருக்க வேண்டும். ஒரே ஒரு விதிதான், அதுதான்.

போன வருஷம் மெக்கானிக் புறா செய்தார். டாக்டரம்மா பத்துத் தாளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"முதல் தாள்ல மூணு புறா இருக்கு. பத்தாவதுல அஞ்சு. நடுவுல ரெண்டு எங்கிருந்து வந்துச்சு?"

"தானா வந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷத்துப் பெட்டியில் அவர் படம் இல்லை. அவருக்குப் பெட்டியும் இல்லை.

வேறு எந்த வீட்டுக்குப் போனாலும் ஏதாவது கெட்டுப்போயிருந்தால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போதே கோபமாக இருப்பார்கள். அந்த ஒன்பது பேர் மட்டும்தான் எதுவும் கெடாதபோதும் கூப்பிட்டார்கள். தாளை எவ்வளவு நேரம் நனைக்கலாம் என்பதற்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டார்கள். அந்த இடம் போய்விட்டால் மையைப் பற்றி அவர் சுவரோடுதான் பேச வேண்டும்.

ஏழாவது தாளுக்கு மை தடவித் துடைத்தார். உள்ளங்கையால் கடைசித் துடைப்பு. தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு, தேவையே இல்லாமல், தலையைத் தூக்கி மைத்துனனைப் பார்த்தார்.

தோள் தப்பு.

தகட்டில் இடது தோள் சரிந்திருந்தது. நாற்காலியில் இருந்தவனுக்குச் சரியவில்லை. அவன் நேராக உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் இருந்தோமே என்று அவருக்கு உடம்பு பதறியது. ஊசி எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை. கழுத்தடியிலிருந்து கைவரை ஒரே இழுப்பு. நல்ல கோடு. தயக்கமே இல்லாத கோடு.

அப்புறம்தான் உறைத்தது.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"கோடு போட்டுட்டேன்."

"எங்க?"

"உன் தோள்ல."

மைத்துனன் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"நீ ஏன் மாப்ளே நிமிந்து உக்காந்தே?"

"நான் எங்க நிமிந்தேன்? உக்காந்த எடம் மரத்துப்போச்சு. நகந்தேன்."

"நகந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நகர்றதுக்கெல்லாம் மனு போடணுமா?"

மெக்கானிக் மேஜைக்குத் திரும்பினார். சுரண்டியை எடுத்தார். மூன்று விளிம்பும் கத்தி போல் இருக்கும் சிறிய கருவி. புதுக் கோட்டின் பிசிறை அதால் வழித்தார். பிறகு வழவழப்பான எஃகுக் கம்பியால், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தேய்த்தார். செம்பு பளபளத்தது. விரலால் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாதது விரலுக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். மைக்குத் தட்டுப்படும்.

மறுபடி மை தடவித் துடைத்து அச்சடித்தார். சக்கரம் முனகியது. கம்பளியைத் தூக்கித் தாளை ஒரு மூலையிலிருந்து உரித்தார்.

போகவில்லை. பழைய தோள் கறுப்பாகச் சரிந்திருந்தது. அதற்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில், புகை மாதிரி இன்னொரு தோள்.

தாளைப் பிடித்தபடி நின்றார். அந்தப் படத்தில் இருந்தவன் உட்கார்ந்திருக்கவில்லை. எழவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தான். மற்ற ஆறும் இதோடு ஒப்பிட்டால் வெறும் நாற்காலிப் படமாகத் தெரிந்தன. கெடுத்த படம் கெடுக்காத படத்தைவிட நன்றாக இருந்தது. இதைவிடப் பெரிய தொந்தரவு என்ன இருக்க முடியும்?

மைத்துனன் எட்டிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. யாரோ வெளிய நின்னு கூப்பிடற மாதிரி. இதோ வந்துட்டேங்கற மாதிரி." பிறகு ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நல்லாருந்து என்ன? ஆறு அப்படி, ஒண்ணு இப்படி."

"ஆறு பழசு, நாலு புதுசுன்னு கலந்து குடுங்க. ஓசியில வர்ற படம். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாக்கப் போறாங்க?"

"அவங்க பல் டாக்டர் மாப்ளே. பல்லைத்தான் பாப்பாங்க."

"அப்ப அந்த ஆறுலயும் இந்தக் கோட்டைப் போட்டுருங்க."

"முடியாது. காய்ஞ்ச தாள் சுருங்கியிருக்கும். திரும்ப நனைச்சாலும் கோடு மேல கோடு உக்காராது. எல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரியும்."

"பேனாவால?"

மெக்கானிக் பார்த்த பார்வையில் அவன் அந்தப் பேச்சை விட்டான்.

ஒரே வழிதான் இருந்தது. ஏழாவதை ஒன்றாவது என்று வைத்துக்கொண்டு பத்தும் புதிதாக அடிப்பது. செம்பு இன்னும் தாங்கும். தாள் தாங்காது. நனைத்து வைத்ததில் மூன்றுதான் மிச்சம். இன்னும் ஆறு வேண்டும். அந்தப் பருத்தித் தாள் விற்கிற கடை ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவர் அன்று அழைப்புப் பணியில் இருந்தார். எங்காவது லிஃப்ட் நின்றால் உடனே ஓட வேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாது. மனைவி பார்சல் ஆபீஸில் வேலையாக இருப்பாள்.

"நீ போயிட்டு வர்றியா?"

"கால் மாமா."

"காலுக்கு என்ன?"

"வலி."

"மேல் அலமாரியில இருக்கற பிஸ்கட் டப்பா தினம் காலியாகுதே. அதுக்குக் கை மட்டும்தான் ஏறுதா?"

மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"டப்பாவை ரொப்பறதே அவதான்."

அவன் சிரித்துவிட்டான். முக்காலியிலிருந்து காலை எடுத்தான். எழுந்தான். சட்டை மாற்றினான். தாள் துண்டு ஒன்றை மாதிரிக்காக மடித்து வைத்துக்கொண்டான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து மேஜைமேல் இருந்த ஊசியை எடுத்துப் பையில் போட்டான். சுரண்டியை எடுத்தான். எஃகுக் கம்பியையும் எடுத்தான்.

"அதெல்லாம் எதுக்கு?"

"நான் வர்றதுக்குள்ள நீங்க எனக்கு மீசை வெச்சிருவீங்க."

"தொட மாட்டேன்."

"குடிக்க மாட்டேன்னு எங்க லாரி டிப்போவுலயும் சொல்லுவாங்க. பாட்டிலைக் குடுத்துட்டுத்தான் சொல்லணும்."

கதவு சாத்திக்கொண்டது. படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு சாதாரணமாக.

மெக்கானிக் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். மிச்சமிருந்த மூன்று தாள்களையும் அடித்துவிடலாம் என்று அடித்தார். மூன்றும் சரியாக வந்தன. ஏழாவதோடு சேர்த்து நான்கு. இனி செய்ய ஒன்றும் இல்லை. தாள் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது அவர் கற்றுக்கொள்ளாத வேலை.

தகட்டை மண்ணெண்ணெயில் துடைத்து மேஜையில் வைத்தார். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. முக்காலியின் கால் கொஞ்சம் குட்டையோ என்று தோன்றியது. வேறு பக்கம் பார்த்தார். வேறு பக்கம் சாவிக்கொத்து தொங்கியது. சாவி கூர்மையானது என்பதை அன்றுவரை அவர் யோசித்ததில்லை.

வீடு முழுக்கக் கூர்மையான பொருள்கள். மனைவியின் ஊக்கு. தையல் டப்பாவில் ஊசிகள், ஒன்றல்ல, ஒரு பட்டாளம். காம்பஸ். முள்கரண்டி. அவருடைய சொந்த வேலைப்பையில் ஸ்க்ரூடிரைவர், குத்தூசி, கம்பி வெட்டி. மைத்துனன் மூன்றை எடுத்துக்கொண்டு போய் என்ன பிரயோசனம்? கடலில் மூன்று குடம்.

நாற்காலியை நகர்த்தினார். திரும்பப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். பொறிக்கு எண்ணெய் விட்டார். சுற்றிப் பார்த்தார். முனகியது. போனை எடுத்துப் பார்த்தார். யாராவது ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. ஒருவராவது, இரண்டு மாடிக்கு நடுவில், கோபமாக. அன்று பார்த்து எல்லா லிஃப்டும் ஏறி இறங்கின.

ஆபீஸுக்கே போன் செய்தார். "ஏதாவது கம்ப்ளெயின்ட் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. ஏன் சார், உடம்பு சரியில்லையா?"

வைத்துவிட்டார்.

ஊக்கு எப்படிக் கைக்கு வந்தது என்பதையும் அவர் கவனிக்கவில்லை. தகட்டுக்கு மேலே, ஒரு முடி இடைவெளியில், ஊக்கின் முனை முக்காலிக் காலைப் பின்தொடர்ந்து காற்றில் போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்னக் கோடு போதும். நிழல் மாதிரி. நான்கு தாள்தான் அடித்திருக்கிறது. நான்கைக் கழித்தால் மறுபடி ஒன்று, மறுபடி பத்து. அப்படியே போனால் புறா ஐந்தாகும். அவருக்கு அந்தக் கணக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தும் கை இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. நீளமாக. தெருவுக்கே பெரிதான ஹாரன். போனும் அடித்தது.

"மாமா, கீழ வாங்க. நிறுத்த எடமில்ல."

"தாள் கெடச்சுதா?"

"கெடச்சுது, வாங்க, பின்னாடி திட்றாங்க."

ஊக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு படியில் ஓடினார். தெருவை முழுசாக அடைத்துக்கொண்டு லாரி உறுமிக்கொண்டிருந்தது. உயரத்தில், ஜன்னலில், மைத்துனன். பின்னால் இரண்டு காரும் ஒரு ஸ்கூட்டரும் கத்திக்கொண்டிருந்தன.

"இது ஏது?"

"எங்க டிப்போ அந்தத் தாள் கடைக்குப் பக்கத்துலதான். சும்மா எட்டிப் பாத்தேன். டிரைவர் வரல, சரக்கு கெடக்குது, போறியான்னாங்க." குழாய் போலச் சுருட்டிய தாளை நீட்டினான். மெக்கானிக் குதிகாலை உயர்த்தி வாங்கினார். அவன் முகம் வெளிறியிருந்தது. ஒரு கை ஸ்டியரிங்கை விடவே இல்லை.

"பயமா இருக்கா?"

"இருக்கு. இப்ப மேல ஏறித் தார்ப்பாய் கட்டிட்டுத்தான் வர்றேன், அப்ப இன்னும் இருந்துச்சு." ஸ்கூட்டர்காரன் என்னவோ சொன்னான். மைத்துனன் வெளியே தலையை நீட்டி, "இதோ, அண்ணே, என் மாமா, ரொம்ப நாளைக்கப்புறம் பாக்கறேன்" என்றான்.

"அக்காகிட்ட என்ன சொல்ல?"

"நான் பேசறேன்னு சொல்லுங்க."

"என் ஊசி?"

அவன் சட்டைப்பையைத் தட்டினான். "இது எங்கிட்டயே இருக்கட்டும் மாமா. நீங்க பத்தை முடிங்க." கியர் விழுந்தது. லாரி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. மெக்கானிக் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

மேலே வந்து தாளை ஆறாகக் கிழித்தார். ஸ்கேல் வைத்து, மெதுவாக, ஓரம் பஞ்சு பஞ்சாக வரும்படி. தொட்டியில் நனைத்தார். எடுத்து ஒற்றினார். மை தடவினார், துடைத்தார். உள்ளங்கையால் கடைசித் துடைப்பு. வழக்கப்படி தலை தானாக நிமிர்ந்தது.

ஜன்னல் இருந்தது. நாற்காலி இருந்தது. சரிபார்க்க ஆள் இல்லை.

தலையைக் குனிந்துகொண்டார். அடித்தார். ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு தடவையும் தலை நிமிர்ந்தது, ஒவ்வொரு தடவையும் வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டுக் குனிந்தது. ஒன்பதாவதில் நிமிரவில்லை. பத்தாவதை உரித்து மற்றவற்றின் பக்கத்தில் வைத்தபோது முதுகு இரண்டாகப் பிளந்துவிடும்போல் இருந்தது.

மனைவி வந்தாள். கைப்பையை வைப்பதற்கு முன்பே நாற்காலியைப் பார்த்தாள்.

"அவன் எங்க?"

"லாரி எடுத்துட்டுப் போயிட்டான்."

"லாரியா? எந்தக் காலோட?"

"ரெண்டு காலோடயும்தான். உன்னோட பேசறேன்னான்."

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"எங்கிட்டயும் சொல்லல. தாளைக் குடுத்தான், போயிட்டான்."

"சாப்பிட்டானா?"

"கேக்கல."

"கேக்கல," என்றாள். "இத்தனை நாளா அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. சாப்பிட்டியான்னு கேக்கத் தோணல." எழுந்து மேஜைக்கு வந்தாள். பரப்பியிருந்த பத்தையும் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். "இது எனக்கு."

"ஐயோ, அது பத்துல ஒண்ணு. குறைஞ்சா என்னை விலக்கிடுவாங்க."

"என் தம்பிதானே?"

"உன் தம்பிதான். இதோ, இங்க ஆறு இருக்கு. எத்தனை வேணும்னாலும் எடுத்துக்க." பழைய ஆறையும் அவசரமாக எடுத்துக் கொடுத்தார்.

அவள் ஆறையும் சீட்டுக்கட்டு போல விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த ஆறும் ஒரே மாதிரின்னா காலையில போன்ல சொன்னீங்க?"

"ஆமா."

"இதுல கண்ணுக்குக் கீழ கறுப்பா இருக்கு. தூங்காத மாதிரி. இதுல இல்ல. இதுல முக்காலிக் கால் வெளிறிப்போச்சு."

அவர் குனிந்து பார்த்தார். உண்மைதான். அச்சு அசல் என்று டாக்டரம்மாவிடம் சத்தியம் பண்ணாத குறை. அப்படியென்றால் இந்தப் பத்து? பூதக்கண்ணாடிக்குக் கை நீட்டினார்.

அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"பாத்தா என்ன பண்ணுவீங்க?"

"பாக்கணும் இல்ல?"

"பாத்துட்டு? தாள் இருக்கா?"

"இல்ல."

"ஊசி இருக்கா?"

"இல்ல." பிறகு, நேர்மையாக, "ஊக்கு இருக்கு" என்றார்.

அவர் சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றித் தன் புடவையில் குத்திக்கொண்டாள். பத்துத் தாளுக்கும் இடையே மெல்லிய தாள் வைத்தாள். மேலும் கீழும் அட்டை. பார்சல் ஆபீஸிலிருந்து வரும்போது அவள் பையில் எப்போதும் சணல் கயிறு இருக்கும். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. முழங்காலை அட்டைமேல் லேசாக ஊன்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். வெட்டினால் ஒழியப் பிரியாத முடிச்சு. கத்தரிக்கோலையும் தன் கையோடு எடுத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா எண்ணிட்டு ஒண்ணொண்ணாப் பாப்பாங்க," என்றார் அவர்.

"பாக்கட்டும். அவங்களுக்கும் கண்ணு ரெண்டுதான்."

கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்த தாளை அவள் மற்ற ஐந்திலிருந்து தனியே எடுத்தாள். அதை என்ன செய்யப் போகிறாள் என்று அவர் கேட்கவில்லை.

"கை கழுவிட்டு வாங்க," என்றாள். "அவனுக்குப் போன் போடலாம். ஓட்டும்போது எடுக்க மாட்டான். எங்கயாவது நிறுத்துவான் இல்ல, அப்ப எடுப்பான்."

அவர் குழாயடிக்குப் போனார். நகக்கண்ணிலிருந்து மை லேசில் வரவில்லை. உள்ளே அவள் ஸ்பீக்கரில் போட்ட போன் அடித்துக்கொண்டே இருப்பது கேட்டது.